நல்ல சேதிக்குக் கொடுத்தது

— டீயைக் குடிச்சிட்டுத் திட்டு, உலார்பெக். ஆறிடப்போகுது.

— திட்ட வரலை, சைக்கால் அக்கா. ஒரு விஷயம் மண்டையைக் குடையுது. சர்க்கரைப் புண்ணுக்கு நீங்க இந்தப் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்ச களிம்பு, ஓஷ்ல இருக்கற மருந்துக் கம்பெனிக்கு எப்படிப் போச்சு?

— அவங்க பண்றது நல்லா வந்திருக்கா?

— அக்கா!

— சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்.

— அருமையா வந்திருக்கு. அதான் வயித்தெரிச்சல். சட்டப்படி எங்க அமைச்சகம் ஒப்பந்தம் போட்டுத்தான் கம்பெனிக்குக் கொடுக்கணும். அப்பத்தான் அந்தப் பணத்துல உங்களுக்குப் புது ஆய்வுக்கூடம். இப்ப பிஷ்கெக் கடையிலேயே விக்கறாங்க. எவனோ திருடிக் கொடுத்திருக்கான்.

— எவனோன்னா?

— உங்க உதவியாளர் மக்சத். நாளைக்குப் புகார் கொடுக்கறோம். சட்டப்படி, திருட்டுன்னு ஆச்சுன்னா களிம்பு உங்க கைக்கே திரும்பிடும். ஆய்வுக்கூடமும் கிடைச்சிடும்.

— மக்சத்தா? களிம்புல போடற சிச்சிர்கனாக் இலையை எவ்வளவு காயவிடணும்னே அவனுக்கு இன்னும் பிடிபடலைப்பா! இஞ்சி தின்ன குரங்கு மாதிரி முழிப்பான்.

— அப்ப முழுசாத் தெரிஞ்சது யாருக்கு?

— எனக்குத்தான்.

— எனக்கு ஒண்ணுமே புரியலையே அக்கா.

— போன குளிர்காலத்துல என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தாரே, ஞாபகம் இருக்கா?

— காலை எடுத்தே ஆகணும்னு சொன்னாங்களே. அப்புறம் உங்க களிம்பைப் போட்டுப் பாத்தாங்க.

— ஆமா. கட்டைப் பிரிச்சுப் பாக்கற அன்னிக்கு உள்ள போக எனக்குத் தைரியம் வரலை. வராந்தாவுல நின்னு அழுதுட்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் கைத்தடியை ஊனிக்கிட்டு விழுந்தடிச்சு வந்தார். "சுயுன்சு! சுயுன்சு! புண்ணு மூடிக்கிச்சு, காலை எடுக்க வேண்டாமாம்!"னு நல்ல சேதிக்குப் பரிசு கேட்டுக் கையை நீட்டினார்.

— அடடா! நல்ல சேதி கொண்டாந்தவரை வெறுங்கையோட அனுப்ப முடியுமா?

— நம்ம ஊருல முடியுமா, சொல்லு.

— அந்த மனுஷர் யாரு?

— ஓஷ் மருந்துக் கம்பெனி முதலாளி. அவருக்கும் கால்ல அதே புண்ணு.

— அவரா! இருங்க அக்கா, இருங்க. அவருக்கு என்ன கொடுத்தீங்க?

— கோட்டுப் பையில கைக்குட்டைகூட இல்லை தம்பி. என்ன வேணும் கேளுங்கன்னேன், களிம்பு எப்படிச் செய்யறதுன்னு கேட்டார், அங்கேயே நின்னு ஒண்ணு விடாம சொல்லிக் கொடுத்தேன்.