பேட்டரி ஆலைக் கீரை

கீரையை வேரில் ஒட்டிய மண்ணோடு வாங்கினால் சீக்கிரம் வாடாது. பலருக்கு இது தெரிவதில்லை.

நான் நகராட்சியில் நிலப் பிரிவு அதிகாரி. எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால், எப்போதோ இழுத்து மூடிய பேட்டரி ஆலையின் நிலம் சும்மா கிடந்தது. மண்ணில் ஈயம் இருக்கிறது என்று ஊரே சொல்லும். எந்த மூலையில் எவ்வளவு என்றுதான் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டறிய அரசு பணம் ஒதுக்கியது. கண்டறிய மட்டும்தான், சுத்தம் செய்ய அல்ல. மருந்து கிடையாது, நோயின் பேரைச் சொல்லி அனுப்புவோம் என்பது போல.

பணம் வந்ததும் ஆணையர் முறைப்படியே செலவு செய்தார். மண்ணை மதிப்பிட ஒரு தனி அறை வேண்டும் என்றார்; கட்டினோம். அறைக்கு ஏசி, ஏசிக்குப் பொருத்தமாகத் திரைச்சீலை, திரைச்சீலைக்குப் பொருத்தமாக நாற்காலிகள். தொடக்க விழாவுக்கு வந்த அமைச்சர் ஒரு பிடி மண்ணை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் நேரத்தில் கஜானா துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"அறிக்கை போகலேன்னா நம்ம தலை உருளும்யா," என்றார் ஆணையர்.

"மண்ணை எப்படி சார் சோதிக்கிறது?"

"அது உன் சாமர்த்தியம்."

அன்று நான் வீடு திரும்பியபோது மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவியின் அண்ணன். வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கு வாய்த்தவர் வீட்டோடு மச்சான். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போக வந்தவர், கொண்டுவந்த பெட்டி துருப்பிடிக்கும்வரை இருந்துவிட்டார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பவர். வெறுப்பில் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு அது ஒரு தகுதி.

ஆலை நிலத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாத்திகளாகப் பிரித்து, எல்லாவற்றிலும் கீரை விதைத்தேன். ஆணையர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "பச்சைப் பசேல்னு இருக்கே" என்று மகிழ்ந்தார். ஒரு பாத்திக் கீரையைச் சில வாரங்கள் மச்சானுக்குக் கொடுப்பேன், கவனிப்பேன், பிறகு அடுத்த பாத்தி. நடுவில் கடைக் கீரை கொடுத்து உடம்பை ஆறவிடுவேன். இந்த மாதிரி வேலையில் அவசரம் கூடாது. என் மனைவி கீரையை வாயில் வைக்கமாட்டாள். எனக்கும் அலுவலகத்தில்தான் சாப்பாடு.

"மாப்ள, கடைக் கீரைல இந்த ருசி வராது," என்பார் மச்சான். "லேசா ஒரு தித்திப்பு இருக்கு பாரு. நீ பேசாம வேலைய விட்டுட்டு விவசாயம் பாக்கலாம்."

வாசல் ஓரத்துப் பாத்தியில் ஒன்றும் இல்லை. கிடங்கு இருந்த இடத்தில் வயிற்றுவலி. அமிலத் தொட்டிப் பக்கம் வந்தபோது அவருடைய ஈறில் நீலக்கோடு விழுந்தது. டம்ளரைத் தூக்கினால் மணிக்கட்டு தொங்கியது. மனைவி பயந்துபோய்ப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கு, கீரை நெறைய சேத்துக்குங்க" என்றார். படித்தவர் சொல்லும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.

"என்னங்க, அண்ணன் துரும்பா இளைச்சிட்டாரு. இன்னும் ரெண்டு கட்டு சேத்துக் கொண்டாங்க," என்றாள். கொண்டுவந்தேன்.

கழிவுக் குழிப் பாத்தியில் அவர் காலமானார். அதாவது, அந்தப் பாத்திக் கீரையைச் சாப்பிட்டு வந்த நாட்களில்.

வரைபடத்தில் நிறம் தீட்டி அறிக்கையை அனுப்பினேன். இதுவரை வந்ததிலேயே உயிரோட்டமான அறிக்கை என்று நிதிக் குழு பாராட்டியது. ஆனால் இரண்டு பாத்திகள் விடுபட்டிருப்பதைக் கவனித்துவிட்டார்கள். அவற்றையும் முடித்தால்தான் அடுத்த கட்ட நிதியாம். ஆணையர் ஏற்கெனவே ஒரு கார் பார்த்து வைத்திருந்தார்.

எனக்குக் கையொடிந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் மனைவி சொன்னாள்: "அண்ணன் ஆசையா சாப்பிட்ட கீரைங்க. இனிமே நான் சாப்பிடறேன். அவரே கூட இருக்கிற மாதிரி இருக்கும்."

நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். இதை நீங்கள் என் வாக்குமூலத்தில் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். பெண்டாட்டி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்கிற புருஷன் நான் இல்லை. மறுநாளே விடுபட்ட பாத்தியிலிருந்து ஒரு கட்டு பறித்துவந்தேன்.

"அண்ணன் சொன்னது நெசந்தான். தித்திக்குது," என்றாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அவள் சமையலறையில் விழுந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அங்கே ரத்தத்தில் ஈயம் பார்க்கக் காசே வாங்குவதில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் மச்சானை வைத்து இன்னும் துல்லியமாகச் செய்திருப்பேன்.

அவள் பிழைப்பாளா என்று இரண்டு நாள் கழித்துச் சொல்வார்களாம். கீரை கொடுத்தது நான்தான். அவருக்கும் அவளுக்கும், தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் இறுதி அறிக்கையில் கடைசிப் பாத்திக்குச் சிவப்பு தீட்டியதோடு சரி, அவளுடைய தொங்கிப்போன மணிக்கட்டைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. வீட்டு விஷயத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிற பழக்கம் எனக்குக் கிடையாது.