பூஜையில் வைத்த பேட்ஜ்

பிள்ளைகளே, நேற்று மாலை பாகூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு மருந்து கொடுக்கும் அறையில் வேலை பார்ப்பவர். மற்றவர் தவளக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் பாய்.

“ஒரு வாரமா குழந்தைய நான் தூக்கவேயில்ல பாய்.”

“இன்னாப்பா, பெத்த பொண்ணையா?”

“சட்டைல ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். நம்ம மேல எவ்வளவு கதிர் பட்டுதுன்னு அது காட்டும். எங்க எல்லார் பேட்ஜுலயும் ரொம்ப அதிகம்னு கடுதாசி வந்துது. என்கிட்டேர்ந்து குழந்தைக்கும் பட்டுடுமோன்னு பயந்துட்டேன். இன்னைக்கு பம்பாயிலேர்ந்து அதிகாரி செக் பண்ண வந்தாரு. பேட்ஜ திருப்பிப் பாத்துட்டு, சந்தனம் ஏதுன்னு கேட்டாரு.”

“சந்தனமா?”

“ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சி, எல்லார் பேட்ஜையும் கதிர் மருந்து வச்சிருக்கிற பெட்டி மேலயே வச்சிட்டுப் போயிட்டோம். மூணு நாள் லீவு.”

“அட, அப்ப கதிர் பட்டது பேட்ஜுக்குத்தான், உனக்கில்ல!”

“திட்டினாரு பாய், அப்படித் திட்டினாரு. காது குளிரக் கேட்டுக்கினேன்.”

“அடுத்த வருசம் பூஜை?”

“பெட்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும்.”

தவளக்குப்பத்தில் இருவரும் இறங்கினார்கள். நிறுத்தத்தில் ஆஸ்பத்திரிக்காரரின் மனைவி குழந்தையோடு நின்றிருந்தார். கணவர் குழந்தையைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார்.