திரும்பத் தொடாத எழுத்து

தலைமை இருக்கையைத் தம் புலமையால் அலங்கரித்து, என் பேச்சின் நீளத்தை எண்ணிச் சற்றே கலங்கி அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே! கடல் கடந்து வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நாவிலும் விரலிலும் தம் தாய்மொழியை ஏற்றிவைத்த, பிள்ளைகள் 'லாவ்ஷி' என்று வாய்நிறைய அழைக்கும் சீன மொழி ஆசிரியை அவர்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! பெற்ற வயிறு பெருமையில் குளிர, பிரியும் மனம் துயரத்தில் தவிக்க, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சிற்றுண்டி எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

நான் தையற்காரன். துணி தைப்பது என் பிழைப்பு, மேடை ஏறுவது என் வியாதி. வீட்டில் என்னை 'மைக் மாமா' என்பார்கள். வாங்கிய மைக்கை நானாகத் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் சீன மொழியும் சீனப் பண்பாடும் பயின்று, ஓராண்டு மேற்கொண்டு பயில நாளைக் காலை சீனாவுக்கு விமானம் ஏறும் பெண், என் தங்கை பெற்ற மகள். அவளை வழியனுப்பவே இந்தக் கூட்டம்.

என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் துணியைப் பார்த்து மூன்றாவது வரிசையில் யாரோ சிரிப்பது காதில் விழுகிறது. எழுத்து கோணலாக இருக்கிறது என்கிறீர்களா? ஆமாம் ஐயா, கோணல்தான். சிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் வருகிறேன்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் இந்தப் பெண், "நான் சீனம் படிக்கப் போறேன்" என்றாள். வந்தவர் போனவரெல்லாம், "அதைப் படிச்சு என்னம்மா பண்ணப் போறே?" என்றார்கள். நானும் என் பங்குக்குக் கேட்டேன். முதல் பருவம் முடிந்து வந்தவள் பதில் சொன்னாள். "மாமா, இங்கிலீஷ்ல எல்லாரும் அங்கிள்தான். சீனத்துல அப்பாவோட அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மா கூடப்பிறந்தவருக்குத் தனிச்சொல். நீங்க எனக்கு ஜியோஜியோ." அவ்வளவுதான், நான் கவிழ்ந்தேன். தாய்மாமனுக்கென்று தனி நாற்காலி போட்டு வைத்திருக்கும் மொழி எப்பேர்ப்பட்ட மொழி? பார்த்த உடனே 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கும் மொழி நமக்கு அந்நிய மொழியா? அன்று முதல் கடைக்குத் துணி கொடுக்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, சீனத்தின் சிறப்பைச் சொல்லித்தான் அளவெடுத்தேன். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

இப்போது அவள் தந்தைக்கு வருகிறேன். அவர் பெயின்டர். லாரிக்கும் பேருந்துக்கும் எழுத்து எழுதுபவர். முதலில் சாக்குக்கட்டியால் கோடு போடுவார், பிறகு நிரப்புவார், பிறகு மெல்லிய தூரிகையால் ஓரத்துப் பிசிறையெல்லாம் ஒழுங்கு செய்வார். பிசிறு இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பேச்சோ, ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் என் முன்னுரைக்குக் காணாது. மாப்பிள்ளை, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? எழுந்து போகாதீர்கள். இன்று நான் பேசப்போவது உங்களைப் பற்றித்தான்.

போன ஆண்டும் இந்தப் பயணத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட்டவர்கள் தூரிகையால் ஒரு சீன எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொண்டுவர வேண்டும். இவள் எழுதியது 'வீடு'. அங்கே வீட்டுக்கும் குடும்பத்துக்கும் ஒரே எழுத்தாம். அந்தக் கலையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு கோட்டை இழுத்தால் இழுத்ததுதான். மை வற்றி வெள்ளை தெரிந்தாலும், ஓரம் கலைந்தாலும், திரும்பிப் போய்த் தொடக் கூடாது. என் தொழிலில் தையலைப் பிரிக்கலாம். மாப்பிள்ளை தொழிலில் பெயின்ட் மேல் பெயின்ட் பூசலாம். இந்த எழுத்தில் மட்டும் திரும்பும் பாதை கிடையாது. இது எங்கள் யாருக்கும் அன்று தெரியாது.

மாதக்கணக்கில் பழகி, ஒரு காலையில் மனசுக்குப் பிடித்த மாதிரி எழுதிவிட்டாள். தாளைக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வேலைக்குக் கிளம்பிய அப்பா அந்த வழியாக வந்தார். பார்த்தார். பிசிறு. மகள் எழுத்தில் பிசிறு. பெற்ற மனம் பொறுக்குமா? பெயின்டர் கைதான் பொறுக்குமா? தன் மெல்லிய தூரிகையை எடுத்தார், அவள் மையைத் தொட்டார், ஓரத்தையெல்லாம் ஒழுங்கு செய்தார். காய்ந்ததும் அவரே சுருட்டி, துணிப்பையில் வைத்து, குளித்து வந்தவளிடம் கொடுத்தார். "நேரமாச்சு, கிளம்பு." அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

சீட்டு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்தவளிடம் அப்பா கேட்டார், "என்னாச்சும்மா?" அவள் சொன்னாள், "அந்தப் பொண்ணு என்னைவிட நல்லா எழுதியிருந்தாப்பா." அதோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் என் கடைக்கு வந்து நின்றார். "மச்சான், நீ நல்லா பேசுவே. வா, போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாம்." அவர் வாழ்நாளில் என் பேச்சைத் தேடி வந்தது அன்றுதான். விடுவேனா? சலவைச் சட்டையோடு கிளம்பினேன்.

ஆசிரியையின் அறை ஜன்னலோரம் மேசையும், மேசை நிறையப் புத்தகமுமாக இருந்தது. கண்ணாடிக் குவளைகளில் தேநீரை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தித் தந்தார். நான் நீதி, நேர்மை, நடுநிலை என்று தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் இழுத்த மை ஒரு கருப்பு, காய்ந்த பிறகு வைத்த மை வேறொரு கருப்பு. ஓரமெல்லாம் தனித்துத் தெரிந்தது. மாப்பிள்ளை குவளையைக் கீழே வைத்தார்.

"இது நான் தொட்டது" என்றார்.

"ஏன் தொட்டீர்கள்?" என்றார் ஆசிரியை. நம் மொழியை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார்.

"பிசிறா இருந்துச்சும்மா. பிள்ளை எழுத்து, நாலு பேர் பாக்கிறது."

"நாங்கள் பார்க்க விரும்பியது அந்தப் பிசிறைத்தான். கை எங்கே வேகமாகப் போனது, எங்கே மூச்சு வாங்கியது, எல்லாம் அதில் இருக்கும்."

நான் விட்டேனா? "அம்மா, எழுத்தோ குடும்பம். குடும்பத்தில் இரண்டு கை இருக்கக் கூடாதா?" என்று எழுந்து நின்று கேட்டேன். கைதட்ட ஆள் இல்லை. ஆசிரியை சிரித்தார், ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். அடுத்து அவர் சொன்னதை அன்றிலிருந்து நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

"உங்கள் மகளிடம் கேட்டோம், 'நீயே திரும்பத் தொட்டாயா?' ஆம் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் மதிப்பெண்தான் குறைந்திருக்கும். சீட்டு அவளுக்குத்தான். அவள் தாளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. 'இது எங்கப்பா கை. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது' என்றாள்."

கேட்டீர்களா தாய்மார்களே? ஒரு பொய் போதும். ஒரே ஒரு பொய். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பொய்யில் அப்பனின் கை அழிந்துபோகும் என்று ஒரு பெண் சீட்டை விட்டுவிட்டு வந்தாள். வந்து, அந்த அப்பனுக்கே அதைத் தெரியவிடாமல் மூடிவைத்தாள்.

நாங்கள் விடைபெற்றபோது ஆசிரியை படிக்கட்டு வரை வந்து, "மன் ஸோ" என்றார். வழியில் மாப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மச்சான், எனக்குத் தெரிஞ்சதுன்னு அவகிட்டச் சொல்லிடாதே. நான் வருத்தப்படக் கூடாதுன்னுதானே புள்ள மறைச்சிருக்கு." அவர் கண் கலங்கியிருந்தது. நான் சத்தியம் செய்தேன். மைக் மாமா ஓராண்டு வாயை மூடியிருந்தான். நம்புங்கள்.

ஆனால் நடந்தது என்ன? அவள் மீண்டும் தூரிகை எடுத்தாள். அவள் தாளை விரித்தால் அப்பா தெருவுக்குப் போய்விடுவார். அவள் மை கரைத்தால் அப்பா செருப்பைத் தேடுவார். கை தன்னை அறியாமல் தாளுக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த ஆண்டு சீட்டு கிடைத்துவிட்டது, ஊரே வாழ்த்தியது. போன வாரம் பயணத்துக்குத் துணி தைக்க என் கடைக்கு வந்தவள், அளவு கொடுத்துக்கொண்டே கேட்டாள், "மாமா, அப்பாவுக்கு என் படிப்பே பிடிக்காமப் போச்சா? நான் எழுத உக்காந்தா அந்தப் பக்கமே வர மாட்டேங்கிறார்."

நான் அளவுநாடாவைக் கீழே போட்டுவிட்டேன். ஐயா, இந்த நினைப்போடு ஒரு பிள்ளை விமானம் ஏறலாமா? அத்தனை தூரத்துக்கு இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாமா? ஆனால் என் வாயைச் சத்தியம் கட்டியிருந்தது.

அந்தக் கட்டை அவிழ்த்தவர் மாப்பிள்ளையேதான். இந்த மேடைக்குத் துறையின் பெயரை எழுதித் தரச் சொல்லி அவரிடம் துணி கொடுத்தார்கள். அவர் யாருக்கும் சொல்லாமல் ஆசிரியையிடம் போய், படிக்கட்டில் அன்று சொன்ன 'மன் ஸோ'வின் இரண்டு எழுத்தையும் ஒரு தாளில் வாங்கி வந்தார். துறையின் பெயருக்குப் பதிலாக அதைத்தான் என் கடையின் பின்னறையில் எழுதினார். சாக்குக்கட்டி எடுக்கவில்லை. கோடு போடவில்லை. இரண்டாவது எழுத்தின் கடைசி இழுப்பைப் பாருங்கள். வலப்பக்கம் நீண்டு போகிறதே, அதுதான். பாதியில் மை வற்றி, வெள்ளை தெரிந்து, கொஞ்சம் சரிந்துவிட்டது. அவர் கை திரும்பிப் போனது. துணிக்கு மேலே நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு போய்த் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். பிழைப்பு தொடங்கிய நாளிலிருந்து அவர் பிசிறோடு விட்ட முதல் எழுத்து இது.

மூன்றாவது வரிசையே, இப்போது சிரிப்பு வருகிறதா? வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மாப்பிள்ளை, சத்தியத்தை மீறிவிட்டேன் என்று முறைக்காதீர்கள். நீங்களே எழுதித் தொங்கவிட்டீர்கள். நான் படித்துத்தான் காட்டுகிறேன். கண்ணே, என் தங்கை மகளே, நாங்கள் எல்லாரும் கோணலைப் பார்த்தோம், நீ மட்டும் வந்ததிலிருந்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். யார் எழுதியது என்று தெரியாமல் பார்த்தாய். இப்போது தெரிந்து பார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அன்றே தெரியும். உன் எழுத்தைத் தொட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த மனுஷன் தெருவில் போய் நின்றார்.

மன் ஸோ. சபையோர்களே, வாசல் தாண்டிப் போகிறவர்களிடம் சீனர்கள் சொல்லும் சொல் அது. மெதுவாக நடந்து போ என்று பொருள். நாம் வாசலில் நின்று 'பாத்துப் போ' என்கிறோமே, அதேதான். வாயால் சொல்லத் தெரியாத ஓர் அப்பன், மகள் படித்த மொழியில், மகள் படித்த முறையில், திரும்பத் தொடாமல் சொல்லியிருக்கிறார்.

இன்னும் இரண்டு பக்கம் பேச வைத்திருந்தேன். ஆனால் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வழி விடுங்கள் பிள்ளைகளே, கடைசி வரிசைக்குப் போகட்டும். மாப்பிள்ளை, தூணை விட்டு வெளியே வாருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி, அவளுக்கு எழுத்தைத் தந்த ஆசிரியைக்கு என் தங்கை குடும்பத்தின் நன்றி, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அவர்களே, இந்தாருங்கள் மைக். நானாகத்தான் கொடுக்கிறேன்.