இரவல் இருமல்

அப்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்கு நாங்கள்தான் போத்தல் கொண்டுபோக வேண்டும். மஸ்கெலியாப் பக்கம் ஒரு நாள், பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற செல்லம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

“உன் இருமலை இனிமே என்னால இரும முடியாது பவுனு. தொண்ட புண்ணாப் போச்சு.”

பவுனு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரல் கட்டையாக இருந்தது. “இந்த ஒரு தடவ மட்டும், செல்லம்மாக்கா.”

“மூணு மாசமா இதத்தானே சொல்ற? போன வாரம் உனக்கு மருந்து வாங்கப் போனப்ப டாக்டரய்யா என் நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டாரு. ‘ஒண்ணுமில்ல, காலையில பெரட்டுல நின்னு வேலைக்குப் போகச் சோம்பல்’னுட்டாரு. ரத்தமாத் துப்புறது நீ, சோம்பேறிப் பட்டம் எனக்கா?”

“நான் வந்தப்ப என்னா நடந்துச்சு? ஆம்பளப் புள்ளன்னு ஆத்தா வச்ச பேரச் சத்தமாக் கூப்புட்டு, ‘சீலைய அவுத்துட்டு ஆம்பள வரிசைக்குப் போடா’ன்னாரு. இருமலப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. அத்தன பேரும் சிரிச்சாங்க.”

“நானுந்தான் சிரிச்சேன்.”

“தெரியும்க்கா.”

“பின்ன எதுக்கு மூணு மாசமா இருமுறேன்னு நெனச்ச? வேற வேலையில்லாமயா?”

பவுனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்தது யாரு?” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

“இருமுறது நீ, வாயாடுறது நான். நட.”

செல்லம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரைக்குப் பின்னாலிருந்து செல்லம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

“பேரு பவுனம்மா. அப்புடியே எழுதுங்கய்யா. எழுதிட்டுக் குழாய எடுங்க.”