டிக்கி மட்டும் பாக்கி

— தொட்டுடாத. பானெட் இன்னும் காயல.

— நான் ஏங்க தொடறேன்? ஸ்கூல் விட்டு வந்தவ, என் வீட்டுக்குள்ள போக வழி இருக்கான்னு பாக்கறேன். வாசலை அடைச்சு காரை நிறுத்தி, சுத்தி பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்க விட்டிருக்கீங்க. பாக்கறவங்க ஏதோ ஆபரேஷன் தியேட்டர் நடத்தறோம்னு நினைச்சுக்கப் போறாங்க.

— அந்தப் பக்கமா சுத்தி வா டீச்சர். மெதுவா. தூசி கிளம்பக் கூடாதுன்னு தரையெல்லாம் தண்ணி தெளிச்சிருக்கேன்.

— தலையில என்ன அது?

— உன் ஷவர் கேப். முடி ஒண்ணு பெயிண்ட்ல விழுந்தா அத்தனை வேலையும் பாழ்.

— விழறதுக்கு அங்க என்ன இருக்கு? சரி, அடுத்து. அப்பா ஃபோன் பண்ணினாரா?

— மாமாவா? இல்லையே. அவர் வர்றது ஞாயித்துக்கிழமைதானே?

— அதைச் சொல்லத்தான் மூச்சிரைக்க ஓடி வர்றேன். வலது கண்ணுல கட்டுப் பிரிச்சாச்சாம். பிரயாணம் பண்ணலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். அண்ணன் காலையிலயே ரயில் ஏத்தி விட்டுட்டான். இந்நேரம் ஸ்டேஷன்ல இறங்கி டாக்ஸி பிடிச்சிருப்பார்.

— இன்னிக்கா?

— இன்னிக்குத்தான். ஏன் இப்படி முழிக்கறீங்க? உக்காருங்க முதல்ல. அந்த ஸ்டூல் காஞ்சிருக்கா?

— அது போன மாசம் அடிச்சது. காஞ்சிருக்கும்னு நினைக்கறேன்.

— நினைக்கறீங்க.

— நம்ம கை ராசி அப்படி. எதையும் உறுதியாச் சொல்றதுக்கில்ல.

— டிக்கி மட்டும் ஏங்க பழைய கலர்லயே நிக்குது?

— பெயிண்ட் தீந்து போச்சு. கடைக்காரன் நாளைக்குத்தான் கலந்து தரேன்னான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குன்னு நானும் சரின்னுட்டேன்.

— முன்னாடி இருந்து பாத்தா வெள்ளை. பின்னாடி போய்ப் பாத்தா சந்தனம். ரெண்டு காரை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. சரி, அப்பா என்னென்ன கேப்பாரு, நாம என்ன சொல்றதுன்னு ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாம். நான்தான் அப்பான்னு வெச்சுக்கோங்க. “மாப்பிள்ளை, சந்தனக் கலர்ல விட்டுட்டுப் போன என் வண்டி எப்படி வெள்ளையாச்சு?”

— வெயில் மாமா. வெயில்ல வெளுத்துப் போச்சு.

— “நான் கண் ஆபரேஷனுக்குப் போய் ஒரு மாசம்கூட ஆகல. வெயில் என்ன, டிக்கியை மட்டும் ஒதுக்கி வெச்சிட்டு அடிக்குமா?” அடுத்து.

— கழுவினேன் மாமா. அழுக்குப் போயிடுச்சு.

— “இத்தனை வருஷமா என் வண்டி அழுக்கா இருந்ததுன்னு சொல்றீங்களா?” இது முன்னதைவிட மோசம். அடுத்து.

— அடுத்து ஒண்ணும் இல்ல டீச்சர். என் கையில இருந்தது ரெண்டு பொய்தான்.

— அப்ப உண்மையைச் சொல்லுங்க. என்கிட்ட சொல்ற மாதிரி இழுக்காம, தலைப்பு சொல்லி, சுருக்கமா.

— கேட்டைத் தாண்டி உள்ள வந்தப்ப முன் கதவு உரசிடுச்சு மாமா. ஒரு சின்னக் கோடு. விரல் நீளம் கூட இல்ல.

— அங்கயே விட்டிருந்தா ஒரு மன்னிப்புல முடிஞ்சிருக்கும்.

— விட்டிருக்கலாம். ஆனா கையில ஸ்ப்ரே கன் வெச்சிருக்கறவனுக்குக் கோட்டைப் பாத்தா சும்மா இருக்க முடியுமா? உப்புத்தாள் போட்டேன், பட்டி வெச்சேன், பிரைமர் அடிச்சேன். கலர்லதான் கோட்டை விட்டுட்டேன்.

— அதுதான் எனக்கு இன்னும் புரியல. அத்தனை வீடியோ பாத்தீங்களே.

— வீடியோ பாத்ததுதான் தப்பு. வெயில் படாத இடத்துல பாத்துத்தான் கலர் எடுக்கணும்னான். நான் பெட்ரோல் மூடியைக் கழட்டிக் கடைக்கே கொண்டு போனேன். அதோட உள்பக்கம் வண்டி வாங்கின அன்னிக்கு இருந்த கலர், பால் மாதிரி வெள்ளை. கடைக்காரனும் அச்சு அசலா கலந்து குடுத்துட்டான். கொண்டு வந்து கதவுல அடிச்சா, கதவு மட்டும் புதுசு, வண்டி பூரா பழசு. மத்த இடமெல்லாம் வெயில் குடிச்சுக் குடிச்சு சந்தனமாப் போயிருக்குன்னு அப்பதான் உறைச்சுது.

— உடனே பக்கத்துக் கதவையும் அடிச்சீங்க.

— ஒத்துப் போகட்டும்னு. அப்புறம் மட்கார்டு தனியாத் தெரிஞ்சுது. மட்கார்டை அடிச்சா பானெட் அசிங்கமா இருந்தது. பானெட்டை அடிச்சதும் அந்தப் பக்கம் அழ ஆரம்பிச்சுது. நிறுத்தற இடம்னு ஒண்ணு வரவே இல்ல.

— உங்க தம்பியோட பைக் டேங்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

— அதை ஏன் இப்ப இழுக்கற?

— ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிபொரியா வந்துதே. அவன் ஊர் பூரா அது புது டிசைன்னு சொல்லிட்டுத் திரியறான். பக்கத்து வீட்டுக்காரர் ஹெல்மெட்டை நீங்க தின்னர் ஊத்தித் துடைச்சதுல கரைஞ்சு போய், இப்ப அவங்க மாடியில பூந்தொட்டியா இருக்கு.

— செடி நல்லா வந்திருக்கு இல்ல?

— சிரிக்க வெக்காதீங்க. அப்பா ரயில் ஓட்டினவர். மழையிலயும் பனியிலயும் சிக்னல் கலரை அவ்வளவு தூரத்துல இருந்து பாத்து பிரேக் போட்டவர். கலர் விஷயத்துல அவர் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது.

— தெரியும். டீச்சர், உனக்கு ஒண்ணு தெரியுமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த ஸ்டீயரிங்கை என்னைத் தொட விட்டதில்ல உங்கப்பா. எங்க போனாலும் பக்கத்து சீட்டு. “பெல்ட் போட்டுக்கோங்க மாப்பிள்ளை”ன்னு குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்வார். இந்தத் தடவைதான் சாவியை என் உள்ளங்கையில வெச்சு மூடி, “பாத்துக்கோங்க”ன்னார். எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல.

— தெரியும். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் வண்டி இருக்கான்னு பாத்தீங்க.

— இப்ப அந்தச் சாவி போயிடும். கேட்டு வாங்க மாட்டார். கையை நீட்டுவார், நானே குடுக்கணும். அப்புறம் ஜென்மத்துக்கும் பக்கத்து சீட்டுதான்.

— ரொம்ப நேரம் பூசி மெழுகாதீங்க. வந்ததும் சொல்லிடுங்க. நான் கூட நிக்கறேன். டாக்ஸி சத்தம் கேக்குது.

— ஷீட்டைப் பிடி. இல்ல, வேண்டாம், விடு. எல்லாத்தையும் விடு.

— பாப்பா.

— வாங்கப்பா. பாத்து, தரை ஈரமா இருக்கு. கறுப்புக் கண்ணாடியோட பாக்க யாரோ பெரிய ஆள் மாதிரி இருக்கீங்க. கண்ணு எப்படி இருக்கு?

— லைன் கிளியர். என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா? தலையில என்ன?

— அது... குளிக்கப் போயிட்டிருந்தேன் மாமா.

— வாசல்லயா?

— மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— இருங்க, அப்புறம் சொல்லலாம். கண்ணாடியைக் கழட்டிக்கறேன். பாப்பா, இது நம்ம வண்டியா?

— ஆமாம்ப்பா. அதைப் பத்தித்தான் இவர்...

— டாக்டர் சொன்னது சரிதான் போல.

— என்ன சொன்னார்ப்பா?

— கண்ணுல புரை விழுந்தா உள்ள மஞ்சக் கண்ணாடி மாட்டின மாதிரியாம். வெள்ளையெல்லாம் மஞ்சளாத்தான் தெரியுமாம். கட்டுப் பிரிச்ச அன்னிக்கு ஆஸ்பத்திரிச் சுவரைப் பாத்து, இப்பதான் சுண்ணாம்பு அடிச்சாங்களான்னு நர்ஸைக் கேட்டேன். சிரிச்சுது அந்தப் பொண்ணு. இப்ப பாரு, நம்ம வண்டியை இத்தனை நாளா நான் சந்தனம் சந்தனம்னு சொல்லிட்டிருந்திருக்கேன். எவ்வளவு வெள்ளையா இருக்கு. வாங்கின அன்னிக்கு இப்படித்தான் இருந்தது. உங்கம்மாகூட, அழுக்குத் தெரியுமே, ஏன் இந்தக் கலர்னு சண்டை போட்டா.

— கண்ணுதான் மாமா.

— என்ன மாப்பிள்ளை?

— எல்லாம் கண்ணுதான். வண்டி அப்படியேதான் இருக்கு. எங்களுக்கு எப்பவும் வெள்ளையாத்தான் தெரியும். நீங்க சந்தனம்னு சொல்றப்ப, பெரியவர் சொல்றாரேன்னு பேசாம இருந்துடுவோம்.

— என்னங்க, அப்பாகிட்ட ஏதோ சொல்லணும்னீங்களே?

— டீ போடட்டுமான்னு கேக்க வந்தேன்.

— டீயா.

— ஆமா டீச்சர். டீ.

— டீ அப்புறம் குடிக்கலாம். மாப்பிள்ளை, இந்த பானெட்ல ஒரு கொசு உக்காந்திருக்கு பாருங்க. என்ன கண்ணு இது, கொசுவோட காலெல்லாம் தெரியுது. ஊதினாலும் போக மாட்டேங்குதே.

— அது... அசந்து தூங்குது மாமா.

— தட்டி விடறேன்.

— தொடாதீங்க மாமா. கண் ஆபரேஷன் ஆன கை. அதாவது, கண்ணு. கையில கிருமி ஒட்டிக்கிட்டுக் கண்ணுக்குப் போயிடும்.

— சரி, தொடல. கதவைத் தொடலாமா?

— கதவு தொடலாம். கதவு போன வாரமே... அதாவது, கதவு சுத்தமா இருக்கு.

— அப்பா, உள்ள வந்து உக்காருங்களேன்.

— ரயில்ல உக்காந்தே வந்தேன்மா. வண்டியை ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். டிரைவர் புத்தி, எங்க விட்டது.

— என்னங்க. இங்க வாங்க. ஏங்க இப்படிப் பண்றீங்க?

— சத்தமாப் பேசாத. நான் என்ன பண்ணேன்? வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவரா ஒரு காரணத்தைத் தட்டுல வெச்சு நீட்டறார். வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா?

— டிக்கிக்குப் போயிட்டார்.

— போகட்டும். டிக்கிதான் சந்தனமா இருக்கே, பழக்கமான கலர்.

— எல்லாம் கண்ணுதான்னா, இந்தப் புதுக் கண்ணுக்கு அதுவும் வெள்ளையாத் தெரியணும் இல்ல? புரியுதா நீங்க சொல்றது உங்களுக்கு?

— இப்பப் புரியுது. ஏன் அங்கயே நிக்கறார்? கண்ணுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றார்?

— வெயில் கூசுது போல. வர்றார், பேசாம இருங்க.

— மாப்பிள்ளை, டாக்ஸியில என் பை ரெண்டும் இருக்கு. டிரைவர் காத்துட்டிருக்கார். கொஞ்சம் எடுத்துட்டு வந்துடறீங்களா?

— இதோ மாமா. ஓடறேன்.

— அந்தத் தொப்பியைக் கழட்டிட்டுப் போங்க.

— சரிங்க மாமா.

— போயிட்டாரா பாப்பா?

— போயிட்டார்ப்பா. அப்பா, எனக்கு உங்ககிட்ட மறைக்கப் பிடிக்கல. வண்டியை...

— கேட்ல உரசிட்டார்.

— எப்படித் தெரியும்?

— கேட் கம்பியில சந்தனக் கலர் ஒட்டியிருக்கே. உள்ள வர்றப்பவே பாத்தேன். அதை யாரும் துடைக்கல. இவ்வளவு பெரிய வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு, அந்தக் கேட்டுக்கு ஒரு கை அடிக்கத் தோணல பாரு.

— அப்ப மஞ்சக் கண்ணாடின்னு சொன்னதெல்லாம்?

— டாக்டர் சொன்னது நிஜம். வண்டியைப் பாத்ததும் எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்தது, அதுவும் நிஜம். திட்டறதுக்குத்தான் கண்ணாடியைக் கழட்டினேன். அவர் முகத்தைப் பாத்தேன். சிவப்பு சிக்னலைத் தாண்டிட்டு வந்து மேலதிகாரி முன்னாடி நிக்கற பையன் மாதிரி, தலையில தொப்பியோட. திட்ட மனசு வரல.

— ரொம்பப் பயந்துட்டார்ப்பா. நீங்க சாவியை வாங்கிடுவீங்கன்னு.

— வாங்கிடலாம்னுதான் இருந்தேன். அப்புறம் கதவைத் தடவினேன். கை நிக்கவே இல்ல, வழுக்கிட்டுப் போகுது. என் வண்டி மேல இவ்வளவு உயிரை விட்டு நான்கூட வேலை பாத்ததில்ல. கொசுதான் கொஞ்சம் அதிகம்.

— உங்களுக்கு எல்லாம் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடுங்களேன்ப்பா. நிம்மதியாத் தூங்குவார்.

— சொல்லாத. சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். பை தூக்கிட்டு வர்றார், சீக்கிரம் கேட்டுக்கோ. ஆபரேஷன் ஆனது வலது கண்ணு மட்டும்தானே? அதைக் கையால பொத்திட்டுப் புரை இருக்கற பழைய கண்ணாலயும் பாத்துட்டேன், அந்தக் கண்ணுக்கே கதவு வேற, டிக்கி வேறயாத் தெரியுது. அடுத்த மாசம் அதுக்கும் ஆபரேஷன், அதுக்குள்ள டிக்கியையும் எப்படியாவது முடிச்சிடச் சொல்லு பாப்பா, ரெண்டு கண்ணும் நல்லாத் தெரிய ஆரம்பிச்சதுக்கு அப்புறம் என்னால ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்க முடியாது.