பறந்த நாளும் பறக்காத நாளும்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் பெரியவர் ராதாகிருஷ்ணன் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு அன்போடு திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பழங்காநத்தத்துப் பெருமக்களே! வணங்கி மகிழ்கிறேன். என் பெயர் சரண்யாதேவி. விமானம் ஓட்டுவது என் வேலை.

இன்று நீங்கள் மாலை சூட்டியிருக்கும் தாமரைச்செல்வி அக்காவும், அவருடைய கூட்டாளி உமேஷ் அண்ணனும் ஒத்தக்கடையில் ஒரு தகரக் கொட்டகையில் பேட்டரி செய்தார்கள். எதற்கு? பெட்ரோல் இல்லாமல் பறக்கும் சிறு விமானத்துக்கு! தரையில் ஓடும் காருக்குப் பேட்டரி கனத்தால் சமாளிக்கலாம். விமானத்துக்குக் கனத்தால்? எழும்பவே எழும்பாது. எடையைக் குறைத்து ஆற்றலைக் கூட்டினால் நெருப்பு நெருங்குகிறது; நெருப்பைத் தடுக்கப் போனால் எடை ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவேதான் அக்காவின் இளமை கழிந்தது.

முதல் பயண நாள். பந்தல் போட்டாயிற்று. விருந்தினர் வந்தாயிற்று. நானும் ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்போது பேட்டரியின் சூட்டைக் காட்டும் திரையைப் பார்த்த அக்காவின் முகம் மாறியது. பேட்டரிக்குள் அடுக்கியிருந்த பல செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது.

“இம்புட்டுப் பேரு வந்து உக்காந்திருக்காங்க தாமரை. லேசான சூடுதான? ஒரு சுத்துப் போயிட்டு வரட்டுமே” என்றார் உமேஷ் அண்ணன்.

“மேல போறது நாம இல்லண்ணே, அந்தப் புள்ள. இன்னைக்கு வேணாம். சரண்யா, எறங்கு!”

விருந்தினர் ஒருவர் துண்டை உதறி எழுந்தார். “இவுக பேட்டரிய இவுகளே நம்பலையே!” என்று சிரித்தார். பந்தல் காலியானது. உதவுவதாகச் சொன்னவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

என்னம்மா கேட்கிறீர்கள், அக்கா அழுதாரா என்றா? இல்லை தாயே, அப்போது அழவில்லை. கழற்றித் திறந்தவெளியில் வைத்த பேட்டரி, பொழுது சாயும் முன்னே குபீரென்று பற்றி எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நல்லவேளை, என் பேச்ச நீ கேக்கல தாமரை” என்றார் உமேஷ் அண்ணன்.

விட்டார்களா இருவரும்? விடவில்லை! செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே, சூடு பட்டால் உப்பி நெருப்பை மறிக்கும் மெல்லிய ஏடு வைத்தார்கள். அதனால் ஏறிய எடையை வெளிக்கூட்டில் இழைத்து இழைத்துக் குறைத்தார்கள். வேண்டுமென்றே ஒரு செல்லுக்குத் தீ மூட்டிப் பார்த்தார்கள். அது எரிந்தது. பக்கத்துச் செல் பற்றவில்லை!

போன தை மாதம் நான் பறந்தேன். கீழே வைகை, சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சை. இறங்கியதும் அக்கா ஓடி வந்தார். பேட்டரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “பயந்தியாடி?”

“நீங்க போன்னு சொன்ன பெறகு எதுக்குக்கா பயம்?”

பெருமக்களே! நாளை இந்தப் பேட்டரியில் மருத்துவமனைக்கு நோயாளி பறப்பார், நிறைமாதப் பெண் பறப்பாள், கடலில் கப்பலும் புகையின்றிப் போகும். பறந்த நாளுக்கு இன்று மாலை போட்டீர்கள். அத்தனை பேர் சிரித்தும் ஓர் உயிருக்காக “வேணாம்” என்று சொன்னாரே, அந்த நாளுக்கு யார் கை தட்டினார்கள்? ஒருவரும் இல்லை. இப்போது தட்டுங்கள்! கூரை அதிரத் தட்டுங்கள்!

உயிரோடு நின்று இதைச் சொல்லும் வாய்ப்புப் பெற்ற நான், உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!