கீறல் விழுந்த இரும்படுப்பு

கையை வைக்காதீக அண்ணே, பொத்துப்போகும்! எரியிற அடுப்புன்னு கண்ணு தெரியலையா? ஆறட்டும், அப்புறம் தூக்குங்க. வண்டிக்காரரையும் மாட்டை அவுத்து வேப்பமரத்துல கட்டச் சொல்லுங்க. இந்தாங்க பலகை, போட்டு உக்காருங்க.

ஆமா, சுருளிவேலு வீடுதான். நான் அவரு பொண்டாட்டி ராமுத்தாயி. அடுப்பைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு, பட்டறையிலருந்து ஆளு வரும், குடுத்து விடுன்னு தோல் பதனிடுற ஷாப்புக்கு வேலைக்குப் போற போக்குல சொல்லிட்டுப் போறாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? அவரு யாருண்ணே இதை விக்கிறதுக்கு? குஜிலியம்பாறையிலருந்து எங்கப்பன் சீதனமா ஓட்டிவிட்ட கெடாரிக் கன்னைக் குடுத்துல்ல நான் வாங்குனேன்! ரயிலு பங்களாவுல இருந்த வெள்ளக்காரன் சீமைக்குப் போகையில சாமானெல்லாம் ஏலம் விட்டான். கட்டிலுக்கும் மெத்தைக்கும் அடிச்சுக்கிட்டாக, இந்த இரும்பை எவனும் சீண்டல. எங்க வீட்டுக்காரரு அடுப்புக் கதவுல இருந்த இங்கிலீசு எழுத்தைத் தடவிப் பாத்துட்டு நல்ல சாமான்னாரு. எழுத்தா சோறு பொங்கும்? நான்தான் ஒரு கல்லை எடுத்து நாலு பக்கமும் தட்டிப் பாத்தேன். கீறல் இருந்தா மொத்துனு கேக்கும், முழு இரும்புன்னா கணீர்னு கேக்கும். அன்னிக்குக் கோயில் மணி கணக்கா கேட்டுச்சு. இப்ப தட்டிப் பாருங்க... வேணாம் வேணாம், சுட்டுரும்.

யாரு கீறுனதா? எங்க மாமியா அய்யம்மா. மகராசி! மண்ணடுப்பைத் தவிர வேறொண்ணைக் கண்டதில்ல. வெள்ளிக்கிழமையானா அடுப்பை மெழுகிக் கோலம் போடணும், சரி, போடட்டும், யாரு வேணாம்னது? இரும்புக்கு எதுக்கு அத்தே சாணின்னு நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நான் தண்ணிக்குப் போயிருக்கேன், உள்ள கங்கு கனகனன்னு கெடக்கு, ஒரு வாளி சாணியக் கரைச்சு மேல ஊத்திருச்சு. படார்னு சத்தம். தெருவே கூடிப்போச்சு. நான் கொடத்தோட ஓடியாந்து பாத்தா இந்த முனைக்கு அந்த முனை கீறல். அந்தக் கீறலு மேலயே அரிசிமாவுல கோலமும் போட்டு வச்சிருக்கு! அதைப் பாத்துச் சிரிக்கவா அழுகவா?

அன்னையிலருந்து நான் படுற பாடு இருக்கே. கரையான் புத்து மண்ணைத் தோண்டியாந்து, சலிச்ச சாம்பலும் உப்பும் போட்டுப் பெசைஞ்சு கீறல்ல அப்புவேன். உதுந்துரும். மறுபடி அப்புவேன். மழைக்காலம் வந்தா துரு ஏறிரும், செங்கலு வச்சுத் தேச்சு வெளக்கெண்ணெயத் தொட்டுத் தொடைக்கணும். பொகைக்குழா அடைச்சுக்கிட்டா ஓட்டு மேல ஏறி, கயித்துல கல்லையும் தேங்கா நாரையும் கட்டி உள்ள விட்டு இழுக்கணும். நான் மேல கரி மூஞ்சியோட நிப்பேன். அந்த மனுசன் கீழ நின்னு பீடியக் குடிச்சுக்கிட்டு, பாத்து எறங்கும்பாரு. அம்புட்டுத்தான் அவரு இதுக்குச் செஞ்சது. விக்கிறதுக்கு மட்டும் முதலாளியாயிட்டாரு!

எதுக்கு வெறகு வைக்கிறேனா? அட, வீடு தேடி வந்த மனுசனுக்கு ஒரு காப்பித்தண்ணி போட வேணாமா? நல்ல காஞ்ச ஒடைமரத்து வெறகுண்ணே, செத்த நேரத்துல கொதிச்சுரும். ஈர வெறகை நான் இதுல வைக்கிறதே இல்ல, குழாய்க்கு ஆகாது.

இப்ப என்ன பேசிக்கிறாகன்னு கேளுங்க. என் வயித்துல ஒண்ணும் தங்காததுக்கு இந்தக் கீறல்தான் காரணமாம். கீறல் விழுந்த அடுப்புல பொங்கித் தின்னா வம்சம் வெளங்காதாம். ஊத்துனது யாரு? ஒடைச்சது யாரு? பழி எனக்கா? எனக்கு வாயில நல்லா வந்துரும்ணே, நீங்க இருக்கீகன்னு பாக்குறேன். காலையில கூட இந்த அடுப்புச் சோத்தைத்தான் ரெண்டு தரம் வாங்கித் தின்னுச்சு அந்தக் கெழவி. தொட்டுக்க வெஞ்சனம் பத்தலைன்னு கொறை வேற. தின்னுட்டு எந்திரிச்சுக் கைய ஒதறிக்கிட்டே, இன்னிக்காச்சும் தரித்திரம் வெளிய போகுதான்னு பாப்போம்னு சொல்லுது. எதைச் சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதா?

இன்னும் ஆறலையா? எங்கிட்டு ஆறும், பருப்பு வேகணும்ல. இருங்க, இந்தக் கட்டைய உள்ள தள்ளிக்கிறேன்.

தண்ணி ஊத்தி அவிக்கிறதா? நல்லாச் சொன்னீக போங்க! ஒங்க வீட்டுல எரியிற அடுப்புல தண்ணி ஊத்துவீகளா? குடி என்னத்துக்கு ஆகும்? நான் ஊத்த மாட்டேன். இந்தா செம்பு, நீங்க வேணா ஊத்துங்க. பிடிங்கண்ணே. பிடிங்க.

மாட்டீக, எனக்குத் தெரியும். எங்க மாமியாளே அன்னிக்குப் பட்ட பயத்துல தண்ணிச் செம்போட இந்தப் பக்கம் வாரதில்ல.

காப்பியக் குடிங்க. கருப்பட்டி பத்துச்சா? போன வாரம் வேற ஒரு பட்டறையிலருந்து ஒருத்தரு வந்தாரு. அவரும் இந்தப் பலகையிலதான் பொழுதடைய உக்காந்திருந்தாரு, பாவம். நல்ல மனுசன். மூணு தரம் காப்பி குடிச்சாரு.

ஒங்க மேல எனக்கு என்ன கோவம்ணே? எரியோடு ஊருல எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பொண்ணு பாத்துருக்காக. ஆவணியில தாலி. எங்க சனத்துல மூத்தவ அடுப்பு எரியிற வீட்டுக்குள்ள எளையவ காலெடுத்து வைக்கக் கூடாது. அதை அவிச்சு வெளிய எடுத்துப் போட்ட பெறகுதான் கூட்டியாரணும். அதான் சித்திரையிலருந்து நான் இதை அணைய விடுறதில்ல. ராத்திரிக்குக் கங்கு மேல சாம்பலைப் போட்டு மூடிட்டு, ஒட்டுனாப்புல பாயப் போட்டுப் படுத்துக்கிறது.

ஒங்க காலுக்கிட்ட ஒரு ஒடைக்கட்டை கெடக்கு பாருங்க. அதைக் கொஞ்சம் இப்படி எடுத்துக் குடுங்கண்ணே.